ஏசியில் வந்த கிடா

ஆடி மாதத்தில் பெரியபாளையத்துத் தோப்பில் ஒருவர் எப்பேர்ப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எதில் வந்து இறங்கினார் என்று பார்த்தால் போதும்.

பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் சனிக்கிழமையே வண்டி கட்டி வந்து, தோப்பில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைத்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அதுவரைக்கும் வண்டிதான் வீடு. அதற்குள் சாமான், அதற்கு அடியில் தூக்கம், அதன் பக்கத்தில் கட்டிய பழம்புடவைதான் சுவர். ஊரில் வீட்டைப் பார்த்து மனுஷனை எடை போடுகிறார்கள் அல்லவா, அங்கே வண்டியைப் பார்த்துப் போடுவார்கள். ஏசி வேனில் வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். தரையில் உட்கார்ந்தவர்களோடு பேச மாட்டார்கள். குட்டியானைக்காரர்கள் (சின்ன லோடு வண்டிதான், தார்ப்பாய் கட்டிவிட்டால் அரண்மனை) ஷேர் ஆட்டோவைப் பார்த்து, "பாவம், காலை நீட்டக்கூட எடம் இல்ல" என்பார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் டிராக்டரைப் பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். டிராக்டர்காரர்கள் யாரையும் பார்ப்பதில்லை. ஒரு டிரெய்லர் நிறைய வந்த ஜனத்துக்குச் சோறு வடிக்கவே அவர்களுக்குப் பொழுது சரியாக இருக்கும்.

நாங்கள் குட்டியானைக்காரர்கள். வருஷா வருஷம் அதில்தான் போவோம். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை, ஒரு வேன்காரி வந்து, "உங்க லோடு வண்டிய அந்தாண்ட தள்ளுங்க, எங்களுக்குக் காத்து வரல" என்று சொல்லும் வரைக்கும். லோடு வண்டியாம்! அதற்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்படியானால் நான் லோடா?

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்து ஒரு வருஷம் அப்படியே நின்றது.

அடுத்த ஆடிக்குள் என் சின்ன மகன் பாபுவுக்கு வேலை பர்மனென்ட் ஆயிற்று. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வருஷக்கணக்கில் கான்ட்ராக்டிலேயே கிடந்தவன் அவன். "பர்மனென்ட் பண்ணு தாயே, ஈரப்புடவைக்கு மேல வேப்பஞ்சேலை கட்டி உன்னைச் சுத்தி வரேன், ஒரு கிடாவும் தரேன்" என்று அம்மனிடம் வேண்டியிருந்தேன். (தெரிந்தவர்களை வைத்துக் கம்பெனி மேனேஜரிடமும் சொல்லி வைத்திருந்தோம். ஆனால் செய்தது அம்மன்தான்.) ஆடி முடிவதற்குள் வேண்டுதலை முடித்தாக வேண்டும். நாங்கள் கிளம்பியது கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு.

"ஆர்டர் கைல குடுத்தாச்சும்மா. இனிமே இன்னா பயம்?" என்றான் பாபு.

"குடுத்தவளுக்குத் திரும்ப வாங்கத் தெரியாதாடா?" என்றேன். எனக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருந்தது. கிடா போகாவிட்டால் பையன் மறுபடியும் கான்ட்ராக்ட்தான் என்று மனசுக்குள் முடிவே கட்டியிருந்தேன்.

என் அக்கா மகன் சுரேஷ் சினிமா ஷூட்டிங்குக்குப் போகும் கேரவன் ஓட்டுகிறான். ஒரு பஸ்ஸுக்குள் கட்டில், சோபா, கண்ணாடி, கக்கூஸ் எல்லாம் வைத்த வண்டி. நடிகர்கள் உட்காருகிற இடம். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் அது சும்மா நிற்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். நான் விடுவேனா?

"சித்தி, ஓனருக்குத் தெரிஞ்சா என் வேல போய்டும்."

"உன்னையும் பர்மனென்ட் பண்ணச் சொல்லி வேண்டிக்கிறேன், எட்றா வண்டிய!"

மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் யாரை எப்படி மடக்குவது என்பது நாலாம் வகுப்புப் பாடத்தில் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கேரவன் தோப்புக்குள் நுழைந்தபோது அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவர்கள் ஊதுவதை நிறுத்தினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் தாமாக எழுந்து நின்றதுபோல் வேன்காரர்கள் எழுந்தார்கள். நடிகை யாரோ இறங்கப் போகிறாள் என்று பார்த்தால், கதவு தானாகத் திறந்து, படி தானாக இறங்கி, கையில் வெற்றிலைப் பையோடு நான் இறங்கினேன். அதற்குப் பின்னால் மாலை போட்ட கிடா இறங்கியது. அதையும் ஏசியில்தான் கொண்டுவந்திருந்தேன். (பாபு மேலே கட்டலாம் என்றான். கேரவன்காரர்கள் வீட்டு ஆடு மொட்டை வெயிலில் வரலாமா?)

ஒரு வேன்காரி கிட்ட வந்து, "உள்ள கொஞ்சம் பாக்கலாமாம்மா?" என்று கேட்டாள்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க" என்றேன். சொல்லும்போதே உடம்பெல்லாம் இனித்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்களுக்குப் பக்கத்தில் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்து நின்றிருந்தது. கைக்குழந்தைக்குப் பால் வேண்டும் என்று ஒரு வெள்ளாட்டையும் கூடவே கொண்டுவந்து டிரெய்லர் சக்கரத்தில் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டுக்காரி பேர் நாகம்மா. நல்ல கட்டையான உடம்பு, நல்ல கணீர்க் குரல்.

"யம்மா, உன் ஆட்ட அந்தாண்ட கட்டு. நாத்தம் உள்ள வருது" என்றேன் கேரவன் படியில் நின்றுகொண்டு.

நாகம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால், சோபாவில் முன்னங்காலை வைத்து நின்ற என் கிடாவைப் பார்த்தாள். "சரிக்கா. உங்க ஆடு சென்ட் போட்டுக்கினு வந்துருக்கு போல" என்று சொல்லிவிட்டு அவிழ்த்துக் கட்டினாள். அவள் புருஷன் முனுசாமி திரும்பி நின்று சிரித்தது முதுகிலேயே தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் மஞ்சள் பூசித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஈரப்புடவையோடு வந்து, மேலே வேப்பங்குலையைக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்ற வேண்டும். குலை, மாற்றுப்புடவை, அரிசி, வெல்லம், பானை, தீப்பெட்டி, எல்லாம் கேரவனுக்குள். கிடாவும் உள்ளேதான். அதற்கு வியர்க்கக் கூடாது என்று சுரேஷிடம் ஏசியைப் போடச் சொல்லியிருந்தேன். அவன் சாவியை அதிலேயே விட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

நான் வந்து கதவை இழுக்கிறேன், வரவில்லை. பாபு இழுக்கிறான், வரவில்லை. கறுப்புக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தோம். கதவுக்குப் பக்கத்துப் பொத்தான் மேல் குளம்பை வைத்து உள்பக்கமாகப் பூட்டிவிட்டு, கிடா கட்டிலின் மேல் நின்று என் வேப்பஞ்சேலையைத் தின்றுகொண்டிருந்தது. அவசரமே இல்லை. முந்தானையிலிருந்து ஆரம்பித்திருந்தது.

"மா, அது உன் சேலைய முடிச்சுட்டு வெல்லத்துக்குப் போவுது" என்றான் பாபு.

"சிரிக்காதடா! உன் வேல உள்ள மாட்டிக்கினு கீது!"

டீக்கடையிலிருந்து ஓடி வந்த சுரேஷ் கண்ணாடியைத் தட்டினான், கெஞ்சினான், அழாத குறை. கண்ணாடியை உடைக்கலாம் என்று யாரோ சொன்னதும் நிஜமாகவே அழுதான். அதற்குள் தோப்பு முழுக்கக் கூடிவிட்டது. நான் ஈரப்புடவையில், மஞ்சள் முகத்தோடு, தலைமயிரில் தண்ணீர் சொட்ட நடுவில் நிற்கிறேன். மாற்ற ஒரு துணி இல்லை. அடுப்பு மூட்ட ஒரு குச்சி இல்லை. தோப்பிலேயே பெரிய வண்டியில் வந்தவளிடம் இருந்தது வெற்றிலைப் பை ஒன்றுதான்.

ஆளாளுக்கு ஆட்டைக் கூப்பிட்டார்கள். அதிலும் வண்டிக்கேற்ற மாதிரிதான். வேன்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே பிஸ்கட்டைக் காட்டி, "கம் கம்" என்றார்கள். ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். குட்டியானைக்காரர் ஒருவர் (போன வருஷத்து என் இனம்) கீரைக்கட்டை ஆட்டினார். கிடா ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. எங்கள் எல்லாரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முந்தின நாள் சாயங்காலம் அந்தப் படியில் நின்று நான் எப்படிப் பார்த்தேனோ, அச்சு அசல் அதே பார்வை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாகம்மா வந்தாள். கையில் அவளுடைய வெள்ளாடு.

"யக்கா, கோச்சுக்காத. நாத்தம் புடிச்ச ஆடுதான். கிட்ட இட்டாரட்டா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

வெள்ளாட்டைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். அது "மே" என்றது, ஒரே ஒரு தடவை. உள்ளே என் கிடாவின் வாயிலிருந்து வேப்பிலை விழுந்தது. கட்டிலிலிருந்து ஒரே பாய்ச்சல். கதவில் முன்னங்காலைத் தூக்கி வைத்து உதைத்தது பார், பூட்டிய பொத்தான் மேலேயே விழுந்தது குளம்பு. கதவு ஆடி அசைந்து திறந்தது. படி இறங்கியது. மரியாதையாகப் படியில் கால் வைத்துத்தான் இறங்கியது அது.

"மாப்ள எறங்கிட்டாருப்பா!" என்று முனுசாமி கத்த, தோப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் மத்தியானத்துக்குள் வண்டி போயாக வேண்டும். முதலில் வேண்டுதல். டிராக்டர் வீட்டுப் பெண்கள் பக்கத்து மரத்தில் வேப்பங்குலை ஒடித்து, என் ஈரப்புடவைக்கு மேலேயே சுற்றிக் கட்டிவிட்டார்கள். கோயிலைச் சுற்றி வந்தேன். திரும்பி வந்து கேரவனுக்கு முன்னால் கிடாவை நிறுத்தினோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிலிர்க்காத கிடாவைத் தொடக் கூடாது.

பாபு தெளித்தான். கிடா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. முனுசாமி தெளித்தார். நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொண்டது. நான் சொம்போடு கவிழ்த்தேன். சொட்டச் சொட்ட நின்றபடி வெள்ளாட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா ஒத்துக்கலியே! என் புள்ள வேல போச்சே!" என்று வாய்விட்டே சொன்னேன்.

"அம்மா இன்னா பண்ணுவா, யக்கா?" என்றாள் நாகம்மா. "நேத்துலேர்ந்து ஏசில நின்னுக்கினு கீது. இந்தத் தண்ணி அதுக்கு வென்னீரு. அது எங்க சிலுத்துக்கும்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் கேரவன் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டேயிருந்தது. அந்தக் குளிர்காற்று என் ஈர முதுகில் வந்து அடித்தது பாருங்கள், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு நடுக்கம். வேப்பிலையெல்லாம் சலசலவென்று ஆட, தலைமயிரிலிருந்து தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்க, உடம்பை ஒரு உதறு உதறிச் சிலிர்த்தேன். கூட்டத்துக்கு நடுவில். எல்லார் கண்ணும் பார்க்க.

"உத்தரவு கெடச்சிடுச்சு!" என்று கணீரென்று கூவினாள் நாகம்மா. "ஆட்டுக்கு இல்லப்பா, அக்காவுக்கு!"

அப்புறம் நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. வேன்காரி நாற்காலியோடு சாய்ந்தாள். பாபு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பெற்ற பிள்ளை, கண்ணில் நீர் வழிய, "எங்கம்மாவ தொடாதீங்கப்பா, நான் கான்ட்ராக்ட்லயே இருந்துக்கறேன்" என்கிறான். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வந்தது சிரிப்பு. நான் சிரிக்கச் சிரிக்க உடம்பிலிருந்த வேப்பிலை உதிர்ந்துகொண்டேயிருந்தது.

கடைசியில் முனுசாமிதான் வழி சொன்னார். "அம்மா கேட்டது சிலுத்துக்கறதத்தான். அது ஆயிடுச்சு. கெடாவ அவ பேர்ல உட்டுடுங்க." விடுவதற்கு முன்பே அது வெள்ளாட்டுக்குப் பின்னால் டிரெய்லரில் ஏறிவிட்டிருந்தது. ஊத்துக்கோட்டைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்விட்டது. உள்ளேயிருந்த என் அரிசி, பானை, புடவை எல்லாம் கிடா மிதித்துப் புழுக்கையோடு கிடந்ததால், நாகம்மா கொடுத்த பானையில், அவள் கொடுத்த அரிசியில் பொங்கல் வைத்து, அவளுடைய மாற்றுப்புடவையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சுரேஷ் புழுக்கை கூட்டி, கட்டிலைக் கழுவி, வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். (வேலை போகவில்லை. ஆனால் இன்று வரைக்கும் என்னைப் பார்த்தால் சாவியைப் பையில் போட்டுப் பையைப் பொத்திக்கொள்கிறான்.) நாங்கள் ஷேர் ஆட்டோவில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

பாபு இன்னும் பர்மனென்ட்தான். அம்மன் கணக்கு முடித்துவிட்டாள். என் வீட்டார்தான் முடிக்கவில்லை. மழையில் நனைந்து வந்தாலும் சரி, மருமகள் துணி உதறும்போது நாலு துளி தெறித்தாலும் சரி, பேரப்பிள்ளைகள் குழாயைத் திருப்பிவிட்டாலும் சரி, எல்லாரும் கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பாபு போனை எடுத்து, "நாகம்மாக்கா, டிராக்டர ரெடியா வச்சிக்க" என்று சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பான்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கோயில் தூண் மாதிரி விறைத்து நிற்பேன். எவ்வளவு குளிர்ந்தாலும் சரி, ஒரு மயிரிழைகூட அசைய மாட்டேன்.