வரக்காப்பி நிறத்தில் ஒரு மாப்பிள்ளை

திருப்பூரில் வெயிலைத் திட்டாத ஒரே ஆள் எங்கள் வரக்காப்பிதான். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் கேமரா ஒன்று வைத்திருந்தார். மனித முகம் என்றால் பால் விடாத காப்பியின் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பட்டப்பெயர் அப்படி வந்தது.

அந்த நிறத்துக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. கேமராவிலிருந்து வந்த வெள்ளைத் தாளை, அப்போதுதான் தேய்த்து அடுக்கிய டீ-ஷர்ட்டுகளுக்கு நடுவே செருகுவார். சூட்டில் படம் மெல்லப் பழுக்கும். அதுவரை நீராவிக்குள் கண்ணை மூடி, தூரத்தில் எதையோ கேட்பவர் போல நிற்பார். லாரி வந்து நின்றாலும் காதில் ஏறாது.

"ஏசி ரூம்புல எடுத்தா ஆள் நீலம் பாரிச்சுப் போயிருவாருங்க" என்று முதலாளியையே அயர்னிங் மேசைக்குக் கூட்டி வந்து வேர்க்க வைத்தவர் அவர். படம் என்னவோ அழகாகத்தான் வந்தது.

நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடவில்லை. வெள்ளகோவிலில் ஒரு பெண் அமைந்தது. இதுவும் தட்டிப்போனால் இனி பெண்ணே பார்ப்பதில்லை என்றிருந்தார். பெண் வீட்டில் போட்டோ கேட்டார்கள்.

"செல்போன்ல எடுத்து அனுப்பிரலாம் மாஸ்டர்" என்று கெஞ்சினேன்.

"அதுல எம் மொகத்துல உசுரே இருக்காதுங்க."

அவர் கேமராவில் நானே எடுத்துக் கொடுத்தேன். அக்கறை மிகுந்துபோய், படத்தை அடுக்குக்குள் ரொம்ப நேரம் விட்டுவிட்டார்; அது ஒரேயடியாகப் பழுப்பேறிப் போனது. அதையே அனுப்பியும் வைத்தார்.

பெண்ணின் மாமா போன் செய்தார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"ஏனுங்க, பெரியவரு எப்பத் தவறுனாருங்க? அப்படியே மாப்பிள்ளை போட்டோவும் ஒண்ணு அனுப்புனீங்கன்னா தேவலைங்க."

வயிறு வலிக்கச் சிரித்தோம். வரக்காப்பி மட்டும் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மதியம் சாப்பிடவும் வரவில்லை. அதன்பிறகு எங்களுக்கும் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவர் தங்கியிருந்த கம்பெனி மாடியறைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணே வந்துவிட்டார். துணைக்கு நான் இருந்தேன்.

"போட்டோவுல கண்ணு நல்லா இருந்துச்சுங்க. அதே கலர்ல எனக்கொண்ணு எடுத்துத் தர்றீங்களா?"

பெட்டி திறந்தது. ஆனால் விடுமுறை நாள், கீழே மேசைகளெல்லாம் ஆறிக் கிடந்தன. சூட்டுக்கு எங்கே போவது? அந்தப் பெண்ணைப் படம் எடுத்த வரக்காப்பி, தாளைத் தன் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"சூடு பத்துமுங்களா?" என்றார் அந்தப் பெண்.

"பத்துமுங்க."

படம் வர வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ பேரோடு பழகியிருக்கிறேன். நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்ற அந்த மனிதர் மேல் வந்த பிரியம் வேறு யார் மேலும் எனக்கு வந்ததில்லை.