சம்பந்தி எழுந்திருக்கக் கூடாது

கடகடவென்று ஒரு சத்தம். பிறகு நீளமாக ஓர் இழுவை. கடைசியில் 'டொய்ங்' என்று ஒரு முடிப்பு.

"ஏனுங்க, கிரைண்டர் தானா ஓடுதா?" சமையலறையிலிருந்து வெங்கடலட்சுமி கேட்டாள்.

"பக்கத்து ஊட்டுதா இருக்கும்" என்றார் கிருபாசங்கர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"அவுங்க ஊரு போய் நாலு நாளாச்சுங்க."

"அப்ப மேல் ஊடு."

"நமக்கு மேல மொட்டை மாடிங்க."

மனிதர் பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டாயிற்று.

பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். இரும்பை நூலிழை பிசகாமல் கடைவார். சொந்தக் குடல் மட்டும் பதினோரு வருஷமாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஸ்கேன் எடுத்தார், குழாய் விட்டுப் பார்த்தார், எல்லாம் நார்மல். "ஐ.பி.எஸ்.ஸுங்க" என்றார் டாக்டர். அவர் பரம்பரையில் ஒரு ஏட்டுகூடக் கிடையாது; எடுத்த எடுப்பில் ஐ.பி.எஸ்.! "குடல் கோளாறுதானுங்க, உசுருக்கு ஒண்ணும் ஆவாது. பதட்டப்பட்டாக் கூடும். நூத்துல அஞ்சு பத்துப் பேருக்கு இருக்குது, யாரும் வெளிய சொல்றதில்ல."

கிருபாசங்கர் நம்பவில்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று நூறு முகங்களைப் பார்த்தார். ஒரு முகத்திலும் அவசரம் இல்லை. உலகத்தில் தான் ஒருவன்தான் என்று முடிவு கட்டினார். சினிமாவை விட்டார். பஸ்ஸை விட்டார். கல்யாணங்களில் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்து, பந்திக்கு முன்பே நழுவினார். இத்தனையையும் மனைவிக்குத் தெரியாமல் செய்ததில் அவருக்கு ரகசியப் பெருமை.

இப்போது மகள் மௌனிகாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா வெங்கடபதிக்கு இடுப்பு வலி, பயணம் ஆகாதாம். அதனால் சத்தியமங்கலத்தில், அவர்கள் வீட்டிலேயே. சம்பந்திகள் இருவரும் பாயில் எதிரெதிரே உட்கார வேண்டும். பத்திரிகை வாசித்துத் தாம்பூலத் தட்டு மாற்றும்வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் சம்மதமில்லை என்று அர்த்தம். அவர்கள் சொந்தத்தில் அப்படி ஒருவர் எழுந்து, கல்யாணமே நின்றுபோயிருக்கிறது. முக்கால் மணி நேரம்! மூன்று நிமிஷத்துக்கே உத்தரவாதம் இல்லாத குடல்!

யோசித்து ஒரு திட்டம் போட்டார்.

"முட்டி வீங்கிப்போச்சு லட்சுமி. கீழ உக்கார முடியாது. எனக்குப் பதிலா உன்ற தம்பி உக்காரட்டும்."

"சரிங்க."

இவ்வளவு சுலபமா!

"மௌனிகாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிப்போடுங்க. அப்பா தட்டு மாத்தலீன்னா அந்தப் பொடவையத் தொடமாட்டேன்னு சொல்லீட்டிருக்குது கண்ணு."

முட்டி வீக்கம் அந்த நிமிஷமே வடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காரில் கிளம்பினார்கள். கோவில்பாளையத்தில், "வண்டிய நிறுத்துங்க, எனக்கு அவசரம்" என்றாள் வெங்கடலட்சுமி. அன்னூரில் மறுபடி. புளியம்பட்டியில் மறுபடி. நிறுத்தியது நிறுத்தியாயிற்று என்று அவரும் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் இறங்கிக்கொண்டார்.

"வயசாயிருச்சு உனக்கு. ஒரு டாக்டரப் பாரு லட்சுமி" என்று பரிவோடு கண்டித்தார்.

"பாக்கறனுங்க."

சத்தியமங்கலத்தில் பாயில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் வயிறு பேச ஆரம்பித்தது. எதிரே வெங்கடபதிக்கும் முகமெல்லாம் வேர்வை. பாவம், இடுப்பு! மௌனிகா பட்டுப்புடவையில் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தாலும் எழுந்திருப்பதில்லை என்று கிருபாசங்கர் பல்லைக் கடித்தார்.

பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஐயர் சட்டென்று நிறுத்தினார். "இப்பச் சம்பந்திகள் ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போய்க் கால் கழுவிட்டு வரணும். நிதானமா வரலாம்."

இருவரும் பாய்ந்தார்கள். இடுப்பு வலிக்காரர் முந்திக்கொண்டார். மூடிய கதவுக்கு வெளியே கிருபாசங்கர் ஒற்றைக் காலில் நின்றார். கதவு திறந்தது. வெங்கடபதி அவர் நின்ற நிலையைப் பார்த்தார்.

"உங்களுக்குமுங்களா?"

"பதினோரு வருஷமுங்க."

"எனக்குப் பதினாறு. ஊட்ல தெரியாதுங்க."

"என்ற ஊட்லயுந்தானுங்க!"

கண் கலங்க வெங்கடபதி வழிவிட்டார். அதன்பின் இருவரும் நிதானமாகத் தட்டு மாற்றினார்கள். மௌனிகாவின் சிரிப்பைப் பார்த்து இரண்டு அப்பாக்களும் ஒன்றாக மூக்கைச் சிந்தினார்கள்.

மறுநாள் காலை வெங்கடலட்சுமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கிருபாசங்கர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கால் கழுவற சாஸ்திரம் அருமை லட்சுமி. எந்தக் காலத்துல இருந்து வருது?"

அவள் கை நின்றது. "போன மாசத்துல இருந்துங்க. நானும் சம்பந்தியம்மாளும் ஐயருகிட்டச் சொல்லி வெச்சது."

"அப்ப... கார்ல உனக்கு அவசரம்?"

"எனக்கெங்கீங்க அவசரம்!"

கிருபாசங்கர் விரல் விட்டு எண்ணினார். மூன்று பெட்ரோல் பங்க்! என் மானத்துக்காகத் தன் மானத்தை அல்லவா ஊரறிய இறக்கி வைத்திருக்கிறாள்! பதினோரு வருஷமாக இப்படிப்பட்டவளிடமா ஒளித்தோம்?

"எப்படிக் கண்டுபுடிச்ச, சம்பந்தியும் என்னாட்டந்தான்னு?"

"உங்களுக்கு எதையெதச் சமைக்கலாம்னு கேக்க உங்க டாக்டர்கிட்டப் போனனுங்க. பெஞ்சுல பக்கத்துல சம்பந்தியம்மாளும் அவுங்க ஊட்டுக்காரருக்கு அதையே கேக்கத்தான் சத்தியமங்கலத்துல இருந்து வந்து உக்காந்திருந்தாங்க. அங்க பேசுனதுதானுங்க இந்தச் சம்பந்தம்."

"ஜாதகம் பத்துக்கு ஒன்பது பொருத்தம்னியே?"

"அது அப்பறம் பாத்ததுங்க. மொதல்ல பாத்தது உங்க ரெண்டு பேரு வயித்துப் பொருத்தம்."

சொல்லிவிட்டு, அடுத்த காம்பை எடுத்து உருவத் தொடங்கினாள்.