கூகைக்காட்டு ஒற்றைப் பனை

பூமி அடிக்கடி தப்பு செய்யும். வாய்க்கால் திசை மாறும், புயல் வரும், ஜனங்கள் குடியேறுவார்கள். வரைபடம் மட்டும் ஒருநாளும் தப்பு செய்யாது. இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்த பெருமை, பேராவூரணிப் பக்கம் கூகைக்காட்டுக்கு ஆய்வு செய்ய வந்த தொன்மை வரைபடப் பாதுகாப்பு அலுவலகத்தையே சேரும்.

கூகைக்காடு என்பது காட்டோரத்தில் பத்திருபது வீடுகள். அதில் ஒன்றில் கனகா இருந்தாள். தென்னங்கீற்று முடைந்து பிழைப்பவள். வீட்டுக்குப் பட்டா கேட்டு நடையாய் நடந்தவள். பட்டா இல்லையென்றால் என்றைக்காவது காலி செய்யச் சொல்லிவிடுவார்களே என்று அவளுக்குப் பயம். அதனால் அரசாங்க ஜீப் வாசலில் வந்து நின்றதும், பட்டா கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

அதிகாரி வசந்தகுமார், வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டு விரித்தார்.

"இந்த எடத்துல ஒத்தப் பனைமரம்தாம்மா இருக்கு. வீடு இல்ல."

"அது எங்க மாமனார் காலத்துலயே விழுந்துடுச்சுங்க. எம் மூத்தவ பொறந்ததே இந்த வீட்டுலதாங்க."

"விழுந்ததா வரைபடத்துக்குத் தகவல் வரலியே?"

"நான் கண்ணு முன்னால நிக்கிறேனேங்க!"

"நிக்கிறீங்க. வரைபடத்துல பனையும் நிக்குது. அதாம்மா சிக்கலே."

சிக்கலைத் தீர்க்க அங்கேயே, கனகா போட்ட டீயைக் குடித்தபடி, 'உயர்மட்டக் கூட்டம்' நடந்தது. வரைபடத்தைத் திருத்துவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். எனவே கனகாவைத் திருத்துவதென ஏகமனதாக முடிவாயிற்று. இனி அவள் வீடு, அவள் உட்பட, ஒரு பனைமரம். உதவியாளர் வெள்ளைப் பெயிண்டால் கதவில் மர எண் 47 என்று எழுதினார்.

பக்கத்து வீட்டுத் தியாகுவுக்குப் பொறாமை தாங்கவில்லை. "சார், எங்க வீட்டையும் ஒரு வேப்பமரமாவது ஆக்கிவிடுங்க சார்!"

"வரைபடத்துல நீங்க புதருங்க. புதருக்கெல்லாம் நம்பர் கெடையாது."

தியாகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

வசந்தகுமார் பெருமிதத்தோடு கனகாவைப் பார்த்தார். "பட்டா என்னம்மா பட்டா, அது வெறும் காகிதம். இப்ப நீங்க 'பாதுகாக்கப்பட்ட மரம்'. ஒருத்தரும் உங்க மேல கை வைக்க முடியாது. சந்தோஷந்தானே?"

கனகா அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். கதவில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"சார், நம்ம ஊரு ரோட்டோரம் புளியமரத்துக்கெல்லாம் இதே பெயிண்டாலதானே நம்பர் போட்டீங்க? அதுல ஒண்ணாவது இன்னிக்கு நிக்குதா?"