ஒரு பாசிட்டிவ் விளக்கம்

உலகில் நோயாளிகள் கோடிக்கணக்கில் இருக்கலாம். முறைப்படி நோயுற்றவர்கள் மிகச் சிலரே. இந்த மகத்தான வேறுபாட்டை மனிதகுலத்துக்கு உணர்த்திய பெருமை, தூத்துக்குடி பைபாஸ் ரோட்டோரம் ஆறு மாடியில் எழுந்து நிற்கும் ஒரு பிசியோதெரபிக் கல்லூரியையே சேரும். அதன் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. ஊரில் ஓடும் பஸ்களின் முதுகிலெல்லாம் இருக்கிறது.

அங்கே முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களின் மதிப்பெண் ஏதாவது ஓர் ஆண்டில் சரிந்திருந்தால் சும்மா விட்டுவிட மாட்டார்கள். 'உடல்நலம் காரணமாயின், அதனை முந்நூறு சொற்களுக்குள் பாசிட்டிவாக விளக்குக' என்று படிவமே அன்போடு கேட்கும்.

ஷீஜாவையும் கேட்டது. அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் விக்டரின் மகள். இளங்கலையில் இரண்டாம் ஆண்டு எண்பத்தொரு சதவீதம், நான்காம் ஆண்டு எழுபத்தெட்டு. நடுவே மூன்றாம் ஆண்டில் மட்டும் ஐம்பத்திரண்டு. காரணம் காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். பதினோரு கிலோ இளைத்தாள். பரீட்சைக்கு நடுவே இரண்டு முறை வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு, திரும்பி வந்து மீதியை எழுதினாள். இவ்வளவையும் நான்கு வரியில் எழுதி வைத்திருந்தாள்.

அம்மா பேபிக்குத் திருப்தியில்லை. "ஏளா, முந்நூறு கேட்டிருக்கான். நீ முப்பதுதான் எழுதியிருக்க. மீதிய எவன் எழுதுவான்?"

மீதியை எழுதுவதற்கென்றே ஜெரால்டு சார் இருந்தார். விண்ணப்பக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கும் 'கேரியர் கிளினிக்' ஒன்றை அவர் நடத்திவந்தார். கிளினிக் என்பதால் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஷீஜாவின் நான்கு வரியை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்தார்.

"டிபியா? வேற எதுவும் இல்லையா?"

"வேற எதுக்கு சார்? அதுவே போதும்னு இருந்துச்சு."

"கமிட்டிக்கு டிபி புடிக்காதும்மா. அது இல்லாதவங்க வியாதில்லா. போன வருசம் நம்மகிட்ட ஒரு பையன் வந்தான். முதுகுத்தண்டுல ஆபரேஷன். அருமையான கேஸ். படுத்த படுக்கையில தன்னைத்தானே கண்டுபிடிச்சான். உடனே சீட்டு. நீ என்ன கண்டுபிடிச்ச?"

ஷீஜா யோசித்தாள். "சளியில ரத்தம் இருந்தத கண்டுபிடிச்சேன் சார்."

ஜெரால்டு சார் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. இரண்டே நாளில் அவர் தயாரித்த கடிதத்தில் ஷீஜாவின் நுரையீரல் 'சவால்களின் பாசறை' ஆகியிருந்தது. இருமல் அவளுக்குப் பொறுமையைக் கற்பித்திருந்தது. காய்ச்சல் தலைமைப் பண்பை வளர்த்திருந்தது. 'இந்த அரிய வாய்ப்பை அளித்த' கிருமிக்கு அவள் நன்றிகூடச் சொல்லியிருந்தாள். மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள். தன் நோய் வேறு யாருக்கோ வந்து, அவர் அதை நன்றாக அனுபவித்துவிட்டுப் போனதுபோல் ஷீஜாவுக்கு இருந்தது. கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் அதையே அனுப்பினாள். சீட் வேண்டுமே.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. 'மதிப்பெண் சரிவு ஆய்வுக் குழு'வின் தலைவர், கல்லூரியின் டீன் மகாராஜன். அவருக்கு வலப்பக்கம் மாணவர் ஆலோசகர் ரம்யா மேடம். இடப்பக்கம் குறிப்பெடுக்க ஆபீஸ் சூப்பிரண்டு சங்கரபாண்டியன்.

"நோய் முழுசா குணமாயிடுச்சா?" என்று டீன் தொடங்கினார்.

"ஆயிடுச்சு சார்."

"குணமாகிற நோய்க்கா இவ்வளவு மார்க் குறைஞ்சது?"

"அப்போ குணமாகலையே சார்."

"குணமாகாதவங்களுக்கு நாங்க எப்படிம்மா சீட் கொடுக்கிறது?"

ரம்யா மேடம் கனிவோடு குறுக்கிட்டார். "நோயைக் காரணம் சொல்றது, பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறது இல்லையா ஷீஜா?"

"அப்போ சொல்லாம விட்டிருக்கலாமா மேடம்?"

"அது மறைக்கிறது."

இந்தத் தெளிவைச் சங்கரபாண்டியன் நோட்டில் ஏற்றினார். டீன் கடிதத்தைப் புரட்டிப் பாராட்டினார். "பாசிட்டிவ் நல்லா வந்திருக்கு. எப்படி வந்தது?"

"சளி டெஸ்ட்டுல வந்துச்சு சார்."

அப்போதுதான் சங்கரபாண்டியன் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு கட்டம் சரியில்ல. 'நோய் பெற்ற இடம்'னு இருக்கு. அதுல 'பொருந்தாது'ன்னு போட்டிருக்காங்க."

போட்டவர் ஜெரால்டு சார். டீனுக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம கல்லூரி வெளிப்படைத்தன்மைக்குப் பேர்போனது. தயங்காம சொல்லும்மா. வீட்டுல யாருக்காவது இருந்திருக்கும். கடற்கரை ஏரியா, நெருக்கமான வீடுங்க..."

அந்த 'நெருக்கமான வீடுங்க' ஷீஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"வீட்டுல இல்ல சார். ஹெல்த் நர்ஸ் வந்து அஞ்சு பேருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. ஒருத்தருக்கும் இல்ல. நாங்க படிச்ச காலேஜுக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. மூணாம் வருசம் பயிற்சிக்கு இங்கன உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புனாங்க. இதே கட்டடம், நாலாவது மாடி, நெஞ்சுநோய் வார்டு. ரெண்டு மாசம் நோயாளிங்க முதுகத் தட்டிச் சளி எடுத்தோம். மாஸ்க் கேட்டோம். மாஸ்க் வேணும்னு ஸ்டோருக்கு இன்டென்ட் எழுதிப் போட்டிருக்கு, வந்துரும்னாங்க. எங்க பேட்ச்ல மூணு பேருக்கு டிபி வந்துச்சு. மாஸ்க் வரல."

"சார், இத நோட்டுல ஏத்தவா?" என்று சங்கரபாண்டியன் கேட்டார்.

"வேண்டாம்," என்ற டீன், படிவத்தையும் பேனாவையும் ஷீஜாவின் பக்கம் நகர்த்தினார். குரல் தகப்பனாரின் குரலாகிவிட்டது. "புத்திசாலிப் பொண்ணு நீ. அந்தக் கட்டத்துல 'வீடு'ன்னு போட்டுடு. சரிவுக்குத் திருப்தியான விளக்கம் கிடைச்சிடும். சீட் உனக்குத்தான்."

ஷீஜா பேனாவை எடுத்தாள். இரண்டே எழுத்து. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கென்று தனித் தட்டு ஒதுக்கி வைக்காத ஒரே இடம் அது. ஷிப்டு முடிந்து வந்து, அவள் மாத்திரையை விழுங்கும்வரை அப்பா முன்னால் உட்கார்ந்திருந்த இடம். 'பொருந்தாது' என்பதை அடித்துவிட்டு, 'இதே மருத்துவமனை, நாலாவது மாடி' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

பத்தாம் நாள் மெயில் வந்தது. 'தங்கள் விளக்கம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. அது போதிய அளவு பாசிட்டிவாக இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.'

பேபி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "வீடுன்னே எழுதியிருக்கலாம்லா ஏளா. நாங்க என்ன கோவிச்சுக்கவா போறோம்?"

"நான் கோவிச்சுக்குவேன்மா," என்றாள் ஷீஜா.

அந்த வருடமே நாகர்கோவில் பக்கம் வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்கள். 'நல்லாருக்கு' என்ற ஒரே சொல்லில் விளக்கம் முடிந்துவிட்டது.

ஆனால் தூத்துக்குடிக் கல்லூரி அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று யாராவது சொன்னால், அது அபாண்டம். நேர்காணல் நடந்த வாரமே அவசரக் கூட்டம் கூடியது. பிஸ்கட் தட்டு மேஜையைச் சுற்றி வந்து முடிவதற்குள் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இந்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் 'நோய் பெற்ற இடம்' என்ற கட்டமே கிடையாது.

அதற்கு இன்டென்ட் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை.