"வட்டைச் சுத்தம் செய்யவா?"

பீலெஃபெல்ட்,
ஞாயிறு

அன்புள்ள மருமகன் மிதுஷனுக்கு,

டார்ம்ஸ்டாட்டில் நீங்களும் மகள் அஜிதாவும் நலமென நம்புகிறேன். இங்கே எனக்கும் மாமிக்கும் சுகத்தில் குறைவில்லை. பேச்சுத்தான் கொஞ்சம் குறைந்துவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

பழைய கணினிகளுக்கு உயிர்கொடுக்க நீங்கள் தமிழில் எழுதிய மென்பொருள் நிறுவியைப் பரீட்சித்துக் குறை சொல்லும்படி, போன கிழமை வந்தபோது யூ.எஸ்.பி. ஸ்ரிக் ஒன்றைக் கையில் தந்துவிட்டுப் போனீர்கள். மாமியின் லப்டொப் ஆமையாகிவிட்டதால், மேசையில் கிடந்ததை எடுத்து, நீங்கள் சொன்னபடியே ஸ்ரிக்கைச் செருகினேன். நீலத்திரை வந்தது. படமில்லை, எழுத்து மட்டும். பதவிசான செயலி, ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் செய்தது. மொழி கேட்டது, சொன்னேன். ஊர் கேட்டது, சொன்னேன். பிறகு, "வட்டைச் சுத்தம் செய்யவா?" என்றது. வட்டென்றால் கணினி எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் இடமென்று எனக்கு அப்போது தெரியாது. கீழே "ஓம்", "இல்லை" இரண்டில் "ஓம்" ஏற்கெனவே பளிச்சென்று நின்றது. எதற்கும் மாமியைக் கேட்டேன். அவ குசினியிலிருந்தபடியே, "சுத்தம் செய்யிறன் எண்டு வாறவரை ஆரும் வேண்டாம் எண்டுவினமே? ஓம் எண்டு அமத்துங்கோ," என்றா. அமத்தினேன். துடைத்துவிட்டது.

"பாமா, பழசெல்லாம் போயிட்டுது போல கிடக்கு," என்றேன் மாமியிடம்.

"தங்கச்சி பாடினதுமோ?"

மாமியின் காலமான தங்கச்சி பாடின தேவாரங்கள் அவவின் லப்டொப்பில் மட்டுமே இருந்தன. குசினி வாசலில் நின்று தலையாட்டினேன். அவ ஏசவில்லை, கழுவின சட்டியைத் திரும்பக் கழுவினா. ஏசியிருக்கலாம்.

ஆகவே தம்பி, கோபமில்லாமல் சொல்கிறேன். அழிப்பதை அழிப்பதென்றே சொல்லுங்கோ. "பாட்டு, படம் எல்லாம் போய்விடும், திரும்பி வராது" என்று முகத்துக்கு நேரே எழுதுங்கோ. "இல்லை"தான் பளிச்சென்று நிற்கவேணும். "ஓம்" வேண்டியவர் தேடிப்போய்த் தொடட்டும். பின்னுக்குப் போகவும் வழி வேணும். கெட்ட சேதி சொல்லுற டொக்டர்கூட "இருங்கோ" எண்டுபோட்டுத்தானே தொடங்குவார்?

முருகன் உங்கள் இருவரையும் உங்கள் செயலியையும் காக்கட்டும்.

அன்பு மாமா,
விஜயரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டும்போது மாமி சிரித்துக்கொண்டு வந்தா. அவவின் லப்டொப் தையல் துணிகளுக்குக் கீழே இருந்ததாம். இப்போது தங்கச்சி பாடுவது எனக்கும் கேட்கிறது. அப்படியானால் மேசையில் கிடந்த கறுப்பு லப்டொப் எது என்று அஜிதாவுக்கு ஃபோன் எடுத்தேன். "ஐயோ அப்பா, இவர் தன்ரை லப்டொப்பை எங்கயோ விட்டிட்டன் எண்டு தேடுறார். அந்தச் செயலி எழுதினது முழுக்க அதுக்குள்ளதான்," என்றா. மேற்படி திருத்தங்களுக்கு இனி அவசரமில்லை. புதிதாக எழுதத் தொடங்கும்போது முதற்கேள்வியாக இதை மட்டும் போடுங்கோ: "இது ஆருடைய கணினி?"