லாரி வராத ரோடு

"சைக்கிளா, நானா?" என்று யூனிஸ் கேட்டபோது சத்தியநாதன் உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசித்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

யோசித்தது அரை நிமிஷம்தான். ஆனால் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆன வீட்டில் அரை நிமிஷம் என்பது லேசுப்பட்ட நேரமா? யூனிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னாள். மேற்குத் தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் ஆபீசுக்கு ஜி.எஸ்.டி. ரோடு வழியாகச் சைக்கிளில் போவது இன்றோடு சரி. லாரியே வராத ரோடு ஒன்றை அவர் கண்டுபிடிக்க வேண்டும். வருகிற இரண்டாம் சனிக்கிழமை லீவில் அவளே கேரியரில் உட்கார்ந்து வந்து பார்ப்பாள். ஒரே ஒரு லாரி கண்ணில் பட்டாலும் சைக்கிள் வேலூரிலிருக்கும் அவள் தம்பி வில்பிரட்டுக்குப் போய்விடும்.

சத்தியநாதன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவதுபோல், சனிக்கிழமை தவறாமல் சங்கிலிக்குக் கோழி இறகால் எண்ணெய் போடுகிறவர். வில்பிரட்டோ தன் பழைய சைக்கிளைக் கிணற்றடியில் சாத்தி வைத்துத் துணி காயப் போட்டவன்.

இத்தனைக்கும் காரணம் ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கம். மார்க்கெட்டுக்குப் போன யூனிஸை நிறுத்தி, பல்லாவரம் வளைவில் ஒரு லாரி சாரை இடிக்க வந்ததையும், மயிரிழையில் அவர் தப்பியதையும் கண்ணில் தண்ணீர் வராத குறையாகச் சொல்லியிருக்கிறான். சத்தியநாதனுக்கு அப்படி ஒரு லாரியே நினைவில்லை. நேரே கடைக்குப் போய், எனக்கே தெரியாமல் என்னை இடிக்க வந்த லாரி எது என்று கேட்டார்.

"பின்னால வந்த லாரி சார். முன்னாடி பாத்து ஓட்டற மனுசனுக்கு எப்படித் தெரியும்?" என்றான் பொன்னுரங்கம்.

யூனிஸ் சொன்ன தீர்ப்பைக் கேட்டதும் பொன்னுரங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நல்லது சொல்லப்போய் இப்படிக் குடும்பத்தில் குழப்பம் பண்ணிவிட்டேனே என்று வருத்தப்பட்டான். பிராயச்சித்தமாகக் கடைத் தரையில் சாக்கட்டியால் ஒரு வழியும் போட்டுக் கொடுத்தான். ஏரிக்கரை மேலேயே போய், திருநீர்மலையை வலக்கைப் பக்கம் விட்டு, பனந்தோப்பு தாண்டி, ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஏறினால் எதிரே குன்றத்தூர் மலை.

"லாரி இன்னா சார், மாட்டு வண்டி கூட வராது" என்றவன், வெயிலுக்கு இருக்கட்டும் என்று தன் காக்கித் தொப்பியையும் கொடுத்தான்.

திங்கட்கிழமை சத்தியநாதன் காக்கி டிராயரும் தொப்பியுமாகக் கிளம்பினார். வழி மறந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கி நோட்டில் குறித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்களின் போக்குத்தான் விளங்கவில்லை. அவரைக் கண்டதும் பானையோடு வந்த இரண்டு பெண்கள் புதருக்குள் போனார்கள். திரும்பி வரவே இல்லை. பனந்தோப்புக்குப் பின்னால் எழும்பிய புகை சட்டென்று நின்றது. எதிரே வந்த ஆளிடம் இது குன்றத்தூருக்குப் போகிற ரோடுதானே என்று கேட்டார். அவன் ரோட்டின் நடுவில் நின்றுகொண்டே, இங்கே ரோடே கிடையாது என்றான்.

ஆபீசுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், சத்தியநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏரிக் காற்று, கொக்கு, தன் சைக்கிள் சங்கிலி ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். ஹாரன் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துவிட்டது. இந்த ரோட்டை விடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

சாயங்காலம் பொன்னுரங்கம் அவரை உட்கார வைத்துப் பக்கத்துக் கடை ஜெயவேலுவிடம் சோடா வாங்கிக் கொடுத்து, எங்கெங்கே யார் யார் நின்றார்கள் என்று அக்கறையாக விசாரித்தான். கடைசியில், காக்கியைப் பார்த்து ஜனங்கள் மிரள்கிறார்கள், வேட்டியில் போங்கள் என்றான். ஏரிக்கரையில் கருவேல முள் ஜாஸ்தி என்று மூன்று டியூபை எடுத்துக் கேரியரில் கட்டியும் விட்டான். மடித்து வைத்தால் ரப்பர் ஒட்டிக்கொள்ளுமாம்; அதனால் காற்றும் அடித்து விட்டான்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் தலைகீழ். நேற்றுப் புதருக்குள் போனவர்களே இன்று வழிமறித்து நின்றார்கள். ஒருவர் கையில் சொம்பு, இன்னொருவர் கையில் தம்ளர். காலை எட்டரை மணிக்கு எதற்கு இந்த உபசாரம் என்று அவருக்குப் புரியவில்லை. தாகமில்லை என்று சொல்லிப் பார்த்தார். ஒரு கிழவர் கேரியரில் இருந்த டியூபை அமுக்கிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார்.

"காத்துதான் பெரியவரே."

கிழவர் மெச்சிக்கொண்டார். "இப்படித்தான் சொல்லணும். வாயக் குடுத்து மாட்டிக்காத, தம்பி."

அவர்கள் விடவில்லை. தன் பேச்சில் நம்பிக்கையில்லை போலிருக்கிறது என்று நினைத்த சத்தியநாதன், புதன்கிழமை டியூபுகளைக் கண்ணில் படாமல் கோணிப்பையில் சுற்றிக் கட்டினார். அன்றைக்குக் கூட்டம் இரண்டு மடங்கு.

வியாழக்கிழமை பனந்தோப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். ஏட்டு துளசிங்கம் கோணியைப் பிரித்து, ஒரு டியூபின் வால்வைத் திறந்து மூக்கருகே வைத்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. இரண்டாவதிலும் காற்று. மூன்றாவதிலும் காற்றே வந்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"சரக்கு எங்க சார்?"

எந்தச் சரக்கு என்று சத்தியநாதன் கேட்டார். மாநிலம் முழுக்க மதுவிலக்கு நடக்கிற காலத்தில் சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பிக் கடத்துவது தாம்பரத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. சத்தியநாதனுக்கு அதை ஏட்டு சொல்லித்தான் தெரியவந்தது; சொம்பும் தம்ளருமாக ஜனங்கள் நின்றது தண்ணீர் கொடுக்க அல்ல, சாராயம் வாங்க என்பதும் அப்போதுதான் விளங்கியது. காப்பியைக்கூட டாக்டர் சொன்னார் என்று நிறுத்திவிட்ட மனிதர் அவர். சாராயம் அகப்பட்டால் சைக்கிளையும் ஏலம் போட்டுவிடுவோம் என்று ஏட்டு சொன்னதும் ஹாண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டார். தன் நாணயத்தை நிரூபிக்க, தினமும் சரியாக எட்டரைக்கு இதே வழியில் வருவேன், எத்தனை பேர் வேண்டுமானாலும் வந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிச் சவால் விட்டால் போலீஸ் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் நின்றார்கள். அதில் ஒருவர் மாடு மேய்க்கிற வேஷத்தில், பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் சத்தியநாதன் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னபோது, பொன்னுரங்கம் விரல் விட்டு எண்ணி, எட்டுப் பேர்தானா, நல்லாப் பார்த்தீர்களா என்று இரண்டு தரம் கேட்டான். நாளைக்கு வேறு வழியில் போகட்டுமா என்றதற்கு, மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம் என்று தைரியம் சொல்லி அனுப்பினான்.

சனிக்கிழமை யூனிஸ் கேரியரில் ஏறி, மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தாள். முதல் இரண்டு மைல் வரை ஒரு வண்டிகூட இல்லை. அவளுக்கே ரோடு பிடித்துப் போய், மெதுவாக ஒரு ஞானப்பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். சத்தியநாதனுக்கு உயிர் திரும்பி வந்தது. சைக்கிள் தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது மதகைத் தாண்டினார்.

எதிரே, ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு, ஒரு போலீஸ் லாரி நின்றது.

அதிலிருந்து ஸ்டேஷனே இறங்கி வந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கினார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சஞ் சாதத்தைக் கிளறினார்கள். யூனிஸ் லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸ் லாரி கணக்கில வராதும்மா" என்றார் சத்தியநாதன் பரிதாபமாக.

"ஆறு சக்கரம் இருக்குங்க" என்றாள் யூனிஸ்.

ஒன்றும் கிடைக்காத துளசிங்கம், டபுள்ஸ் வந்ததற்காவது கேஸ் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். யூனிஸ் அவரிடம் திரும்பி, ஊரில் வேறு ரோடே இல்லாததுபோல் எல்லோரும் எதற்காக இங்கேயே வந்து நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

"இன்னாம்மா பண்றது? உங்க வூட்டுக்காரர் டியூப்புல சரக்கு கொண்டாரார்னு சைக்கிள் கடை பொன்னுரங்கம்தான் வந்து சொன்னாரு. மூணு நாளா வேற எங்கயும் டியூட்டியே கெடையாது. ஜி.எஸ்.டி. ரோட்டுல கூட ஒருத்தர் இல்ல."

டியூபைக் கட்டிவிட்டவனும் அவன், காட்டிக் கொடுத்தவனும் அவனா? அவனுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே, சத்தியநாதன் காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாம்பரம் வந்து சேர்ந்தார். யூனிஸ் சமாதானமாகவில்லை. யார் என்ன சொன்னாலும் பார்த்த லாரி பார்த்ததுதான். சைக்கிளைக் கழற்றிக் கட்டிச் சாயங்கால ரயிலிலேயே வில்பிரட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், அதைப் பொன்னுரங்கமே செய்யட்டும் என்றாள்.

கடை பூட்டியிருந்தது. பெயர்ப் பலகைகூட இல்லை.

பக்கத்தில் சோடாக்கடை ஜெயவேலு மட்டும் இருந்தான். பொன்னுரங்கம் காலையில்தான் கடையைக் காலி செய்துகொண்டு ஊரைவிட்டே போனதாகச் சொன்னான். மூன்று நாளாக லாரி லாரியாகச் சாராயம் அனுப்பினானாம். இன்றைக்குக் கடைசி லாரியில் அவனும் ஏறிப் போய்விட்டானாம்.

யூனிஸ் சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்போ பல்லாவரத்தில இவரை இடிக்க வந்துச்சே ஒரு லாரி, அது?"

ஜெயவேலு சிரித்துக்கொண்டே சோடாவை உடைத்துச் சத்தியநாதனிடம் நீட்டினான்.

"அப்படி ஒரு லாரியே வரலம்மா. சார் ஏரிக்கரைக்குப் போனாத்தான போலீசு பின்னாலயே போவும்? போலீசு அங்க போனாத்தான பொன்னுரங்கத்தோட லாரி ஜி.எஸ்.டி. ரோட்டுல போவும்?"