கார்த்திகேசு கிராணியார் நிரந்தரமான வரலாறு

ஒரு நாட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தும் அங்கே குடியிருக்காமல் இருப்பது சாமானியர்களால் ஆகிற காரியமல்ல. அந்தச் சாதனையைச் செய்து காட்டியவர், கோலா சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் ஆள்பேர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் பெரிய கிராணியார் கார்த்திகேசு. 1904-ல் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அன்றே, "வாற வருஷம் ஊருக்குப் போறன்" என்று அறிவித்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூடத் தவறாமல் அறிவித்து வந்தார். சொன்ன சொல் மாறாத மனுஷர். போகிறவனுக்கு எதற்கு என்று வாசலில் ஒரு முருங்கைக் கொம்புகூட ஊன்றவில்லை. முருங்கைக்காய் வேண்டியபோது பக்கத்து வீட்டில் பறித்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவர் 1926-ல், சிலாங்கூர்ச் சுல்தானுடைய பிரஜையாக வேண்டும் என்று விண்ணப்பம் போட்டாரென்றால் அதற்குத் தேசப்பற்றே காரணம். தேசம் ஆற்றோரத்தில் இரண்டு ஏக்கர் இருந்தது. அதில் வீடு கட்டிக் கூரையும் போட்டாயிற்று. பட்டா கேட்கப் போன இடத்தில், "பிரஜைக்குத்தான் பட்டா. இல்லையென்றால் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம்" என்று அன்போடு சொல்லி அனுப்பினார்கள்.

மனைவி அன்னபாக்கியம் தன் கருத்தைத் தாமதமின்றித் தெரிவித்தாள். "இஞ்சருங்கோ, அந்த வீடு போச்செண்டால் நான் ஊரிலை உங்கட அக்காமாரோட ஒரே குசினியிலை நிண்டு சமைக்கோணும். அதைவிட இந்த ஆத்து முதலைக்கு இரையாப் போறன்."

விண்ணப்பத்தில் ஒரு சிறு நிபந்தனை இருந்தது. பத்து வருஷமாவது பழகிய ஒருவர் வந்து, 'இவர் இங்கேயே நிலையாக இருக்கும் எண்ணமுடையவர்' என்று சாட்சி சொல்ல வேண்டும். கார்த்திகேசு நேரே கோலா குபுவுக்குப் போய், தபால் கந்தோர் கிளார்க்கு குமாரசிங்கத்தைப் பிடித்தார்.

"நானே வாற வருஷம் போற ஆள், உமக்கு எப்பிடிச் சாட்சி சொல்லுறது?" என்றார் குமாரசிங்கம். "ஆத்து வெள்ளம் ஏறி ஏறி, இந்த டவுனையே தூக்கி வேற இடத்திலை வைக்கப் போறாங்களாம். இஞ்சை ஊரே நிரந்தரமில்லை. நீர் நிரந்தரமோ?"

ரவாங்கிலும் இதே கதை. சிலாங்கூர் முழுவதும் தேடியதில், யாழ்ப்பாணத்துக் கனவான்கள் அத்தனை பேரும் வருகிற வருஷம் கப்பலேறப் போகிறார்கள் என்று தெரியவந்தது. கப்பல் கம்பெனிக்குத்தான் இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

வேறு வழியின்றிக் கிராணியார் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கினார். ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரி தாயம்மாவைக் கூப்பிட்டார்.

"எடி தாயம்மா, பட்டாக் கச்சேரியிலை வெள்ளைக்காரத் துரை கேட்டால், அய்யா எங்கையும் போக மாட்டார் எண்டு சொல்லு. அவ்வளவுதான்."

"பொய் சொல்லலாமாங்கய்யா?"

"என்ன பொய்? இருபத்திரண்டு வருஷமாப் போனனானோ?"

"அதானே! போகவே இல்லியே!"

விசாரணை நாளன்று கச்சேரியின் மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். புதிதாக வந்த துரைக்குத் தமிழ் தெரியாது. அதனாலென்ன? கார்த்திகேசுவையே எழுந்து நிற்கச் சொல்லி, உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். விண்ணப்பதாரரே மொழிபெயர்ப்பாளர்! இதைவிடச் சிக்கனமான நிர்வாகத்தை உலகம் கண்டதில்லை.

"இவர் இங்கேயே இருப்பாரா?" என்று துரை கேட்டார். கார்த்திகேசு தமிழில் கேட்டார். தாயம்மா கை கூப்பினாள்.

"வந்த நாள்லேருந்து அடுத்த வருசம் போறேன், அடுத்த வருசம் போறேன்னுதாங்க சொல்லுவாரு. அத நம்பி மூணு தரம் மால போட்டு, மோளம் அடிச்சு அனுப்பி வச்சோம். மாலைய வாங்கிக்கிட்டு, மறுநா விடிய பெரட்டுல வந்து நின்னு எங்க பேரக் கூப்பிடுறாரு!"

கிராணியார் தொண்டையைக் கனைத்தார். பிறகு இங்கிலீஷில், "மூன்று முறை மக்கள் மாலையிட்டு வழியனுப்பியும், இந்த மண்ணைப் பிரிய மனமின்றி நான் திரும்பிவிட்டேன் என்கிறாள்" என்றார்.

துரைக்குக் கண் கலங்கியது. "இவ்வளவு நீளமாகப் பேசினாளே?"

"தமிழ் நீளமான பாஷை, துரை அவர்களே."

முத்திரை விழுந்தது. துரைக்கு அன்று நல்ல மனநிலை. "இந்தப் பெண்ணுக்கும் பிரஜையாக விருப்பமா? கேளும்" என்றார். கார்த்திகேசு கேட்டார். தாயம்மாவின் முகம் மலர்ந்தது.

"ரப்பருக்கு முன்னால காப்பிச் செடி நின்ன காலத்துலயே நான் இந்தத் தோட்டத்துல பொறந்தவங்க. ஆத்தாளயும் அப்பனையும் இங்கதான் பொதச்சிருக்கு. இந்தியா எந்தத் தெசையிலன்னுகூடத் தெரியாது. எம் பேரையும் எழுதிக்கச் சொல்லுங்கய்யா."

கார்த்திகேசு யோசித்தார். தமக்கு விழுந்த அதே முத்திரை ஒரு பால்வெட்டுக்காரிக்குமா? ஆற்றோரத்தில் தம் வேலியை ஒட்டி இன்னும் இரண்டு ஏக்கர் காலியாகக் கிடப்பதும், பிரஜையானால் யாரும் பட்டா கேட்கலாம் என்பதும் அவருக்கு நினைவு வந்தன.

"இவளுக்கு இங்கே தங்கும் எண்ணம் இல்லையாம்" என்றார்.

"பரிதாபம்" என்று துரை காகிதக் கட்டை மூடினார்.

"தொரை என்னாங்கய்யா சொன்னாரு?"

"யோசிப்பமாம்."

நிர்வாகத்தின் வேகத்தைப் புகழாமலிருக்க முடியாது. கடல் கடந்து வந்தவர் இந்த ஊர்க்காரராகவும், இந்த ஊரில் பிறந்தவள் வந்தேறியாகவும் மாற ஒரே ஒரு காலைப் பொழுதுதான் ஆயிற்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மொழிபெயர்ப்பாளரே போதுமாயிருந்தார். அவரும் சத்தியம் செய்தவர்.